31ஆம் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு: இரண்டாம் பெப்பியின் நெடிய ஆட்சியும் எகிப்தியப் பழைய அரசின் சரிவும்

நடு எகிப்தின் கிழக்குப் பாலையில் ஹத்நுப் என்றொரு அலபாஸ்டர் குவாரி. அதன் பாறைச் சுவரில், கல் வெட்டப் போன கூட்டம் ஒன்று மையால் ஒரு தேதியை எழுதிவிட்டுப் போயிருக்கிறது: "31ஆம் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு". பெரிய பிரமிடுகள் எழுந்த 'பழைய அரசு' காலத்தின் கடைசியில் வந்த ஆறாம் வம்சத்து மன்னர் இரண்டாம் பெப்பியின் ஆட்சியில், ஐயமின்றிப் படிக்க முடிகிற ஆண்டுக் குறிப்புகளில் இதுவே மிகப் பிந்தியது. உலக வரலாற்றிலேயே அதிக காலம் ஆண்டவர், 6 வயதில் முடிசூடி 100 வயது வரை, 94 ஆண்டுகள், அரியணையில் இருந்தவர், அவர் கிழடாகிப் போனதால்தான் நாடு சிதறியது என்றெல்லாம் சொல்லப்படும் கதையைச் சோதிக்க இந்த ஒரு வரியிலிருந்து தொடங்குவதே சரி.

கதை எளிமையானது, அதனால்தான் பரவியது. ஆனால் கல்வெட்டுகளையும் கல்லறைகளையும் ஆணைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மன்னரின் வயது இந்தச் சரிவில் ஒரு துணைக் காரணமாகத்தான் நிற்கிறது. மன்னர் ஒருவரே நீடித்ததால், அவர் கொடுத்தவை எதையும் யாரும் திரும்ப வாங்கவில்லை. அதுவே இங்கே ஆராய வேண்டியது.

எத்தனை ஆண்டு ஆண்டார்?

பழைய அரசில் ஆண்டுகளுக்கு நாம் போடுவது போல நேர் எண் கிடையாது. நாட்டின் ஆடுமாடுகளை எண்ணி வரி விதிக்கும் கணக்கெடுப்பு, பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடந்தது. எண்ணிய ஆண்டுக்கு "இத்தனையாவது கணக்கெடுப்பு ஆண்டு" என்று பெயர். எண்ணாத ஆண்டுக்கு "இத்தனையாவது கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு". ஆகவே 31-ஐ இரண்டால் பெருக்கினால் ஹத்நுப் குறிப்பு ஏறத்தாழ 62ஆம் ஆட்சியாண்டில் வந்து நிற்கும். ஐயத்துக்குரிய இன்னொரு குறிப்பை 33ஆம் கணக்கெடுப்பு என்று படிப்பவர்கள் 64-ஐ ஒட்டிய ஆண்டு வரை கொண்டுபோவார்கள். இடையில் சில காலம் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடந்திருந்தால் இந்த எண் இன்னும் குறையும்.

அப்படியானால் 94 எங்கிருந்து வந்தது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எகிப்திய வரலாறு எழுதிய மனேத்தோ என்ற பூசாரியிடமிருந்து. பெப்பிக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 1,900 ஆண்டுகள். இரண்டாம் ராம்சேஸ் காலத்து துரின் பாப்பிரஸ் பட்டியலிலும் 90-க்கு மேற்பட்ட ஆண்டுகள் கொண்ட ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் பெயர் சிதைந்துவிட்டது என்றாலும் வரிசைப்படி அது பெப்பிக்குத்தான் பொருந்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே மரபுவழிப் பட்டியலின் இரண்டு கிளைகளாக அவை இருக்கலாம். கை எழுத்து வடிவமான ஹீராட்டிக்கில் 60-உம் 90-உம் பார்க்க ஒத்திருக்கும். எங்கோ ஒரு நகலெடுப்பில் 64 என்பது 94 ஆகியிருக்கலாம் என்று பலர் கருதுவது இதனால்தான்.

62 முதல் 64 வரை என்று எடுத்துக்கொள்வோம். முடிசூடும்போது 6 வயது என்றால், இறக்கும்போது 70-ஐ ஒட்டிய வயது. அந்தக் காலத்துக்கு அது முதுமைதான். ஆனால் செயலிழந்த நூறு வயதுக் கிழவர் என்ற சித்திரம் இதோடு உடைந்துபோகிறது. சொல்லப்போனால், நூறு வயதைத் தொட்டதாகத் தன் கல்லறையில் எழுதி வைத்தவர் வேறொருவர்: மெய்ர் ஊரில் அடக்கமான பெப்பியன்க் என்ற அதிகாரி.

சிறுவன், தாய், தாய்மாமன்

பெப்பியின் தாய் இரண்டாம் அன்கெசென்பெப்பி. தந்தை முதலாம் பெப்பியா, அடுத்து ஆண்ட மெரன்ரேயா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த அரசி இருவரையுமே மணந்தவர். அவருடைய பிறந்த வீடு தலைநகர் மெம்பிஸ் அல்ல, தெற்கே அபிடோஸ். தகப்பன் கூயி, தாய் நெபெத். இவர்களுடைய இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒரே பெயர், முதலாம் பெப்பிக்கு மனைவியர் ஆனார்கள். நெபெத்துக்குத் தலைமை அமைச்சர் பட்டம் கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு அது அந்தக் காலத்தில் மிக அபூர்வம். சகோதரன் ஜாவ் பிறகு தலைமை அமைச்சராகவே ஆனார். மாகாணக் குடும்பம் ஒன்று அரண்மனையின் மடியில் ஏறி உட்கார்ந்த கணக்கு.

மடி என்றதும் ஒரு சிலை நினைவுக்கு வராமல் இராது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறிய அலபாஸ்டர் சிலை: தாய் அமர்ந்திருக்கிறாள், மடியில் பக்கவாட்டாக மன்னர். உருவம்தான் சிறிதே ஒழிய, தலைத்துணியும் நிமிர்ந்த உடலுமாக முழு மன்னராகவே செதுக்கியிருக்கிறார்கள். தாய் ஒரு திசை, மகன் அதற்குச் செங்குத்தான திசை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒருவர் நேர்முகமாகத் தெரிவார். சினாயில் வாடி மகாரா பாறைச் சிற்பத்திலும் சிறுவனோடு தாய் இடம்பெறுகிறாள். ஆட்சியை நடத்தியது யார் என்பதில் அந்தக் காலத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை.

சிறுவனின் குரலே நேரடியாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அஸ்வானுக்கு எதிர்க்கரையில் குப்பெத் எல்-ஹவா குன்றில், ஹர்குஃப் என்பவரின் கல்லறை முகப்பு. தெற்கே யாம் நாட்டுக்கு நான்கு பயணம் போனவர் அவர். முதல் பயணம் 7 மாதம், இரண்டாவது 8 மாதம், மூன்றாவதிலிருந்து திரும்பும்போது சாம்பிராணி, கருங்காலி, யானைத் தந்தம், சிறுத்தைத் தோல் ஏற்றிய 300 கழுதைகள். நான்காவது பயணத்தில் நடனமாடும் குள்ளர் ஒருவரை அழைத்து வருவதாகச் செய்தி அனுப்பினார். பதிலாக வந்த அரச கடிதத்தை அவர் அப்படியே கல்லில் வெட்டி வைத்தார். இரண்டாம் கணக்கெடுப்பு ஆண்டைச் சேர்ந்தது அது. மன்னருக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். குள்ளர் தண்ணீரில் விழுந்துவிடாமல் படகின் இரு பக்கமும் நம்பகமான ஆட்களை நிறுத்து, இரவில் தூங்கும்போது பத்து முறை போய்ப் பார், சினாயின் செல்வத்தையும் புண்ட் நாட்டுச் செல்வத்தையும்விட அவரைப் பார்க்கவே ஆசை என்று எழுதியிருக்கிறது.

எல்லோரும் இந்தக் குள்ளரோடு நின்றுவிடுவார்கள். கடிதத்தின் கடைசிப் பகுதி அதைவிட முக்கியம். வழியில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்திலிருந்தும் ஒவ்வொரு கோயிலிலிருந்தும் பயணக் கூட்டத்துக்கு உணவுப்பொருள் கொடுக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு போயிருப்பதாக அது சொல்கிறது. இப்படிக் கொடுப்பதிலிருந்து விலக்கு பற்றியும் அங்கே ஒரு சொல் வருகிறது. "எதற்கும் விலக்கு இல்லை" என்று சிலரும், "விலக்குப் பெறாத கோயில்கள்" என்று சிலரும் படிக்கிறார்கள். எப்படிப் படித்தாலும், ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே "யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை" என்பது ஒரு பயணக் கடிதத்தில்கூட எழுத வேண்டிய விஷயமாகிவிட்டது.

ஒரே மன்னர், மூன்று தலைமுறை

நாடு அஸ்வானிலிருந்து மெம்பிஸ் வரை ஆற்றோரம் சுமார் 900 கி.மீ. நீண்டு கிடந்தது. மேல் எகிப்து 22 மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. பழைய முறையில், தலைநகரிலிருந்து அனுப்பப்படும் அதிகாரி சில காலம் ஒரு மாவட்டத்தைப் பார்ப்பார், பிறகு வேறிடம் போவார், கடைசியில் மன்னரின் பிரமிடு அருகே புதைக்கப்படுவார். ஆறாம் வம்சத்தில் அவர்கள் மாவட்டத்திலேயே குடியேறி, "பெருந்தலைவர்" என்ற பட்டத்தோடு, அங்கேயே பாறையில் கல்லறை குடைந்துகொண்டார்கள்.

இது கலகமாக நடந்த மாற்றம் இல்லை, அரசே செய்தது. எட்ஃபூவின் கார் என்பவரின் தன்வரலாற்றுக் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பெப்பியின் காலத்தில் தலைவர்களின் பிள்ளைகளோடு அரண்மனையில் வளர்ந்தார். மெரன்ரே அவரை எட்ஃபூவுக்குத் தலைவராக அனுப்பினார். பிள்ளையைத் தலைநகரில் வளர்த்து விசுவாசம் ஊட்டி, பிறகு சொந்த மண்ணுக்கு அனுப்பும் திட்டம். மோசமான திட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வேலை செய்ய, ஒவ்வொரு தலைமுறையும் அரண்மனைக்கு வந்து போக வேண்டும்.

டெய்ர் எல்-கெப்ராவியில் மூன்று பெயர்கள் இந்த வழக்கின் மையச் சாட்சி: இபி, அவர் மகன் ஜாவ் ஷெமாய், பேரன் ஜாவ் (அரசியின் சகோதரன் ஜாவ் அல்ல). இபியை நியமித்தவர் மெரன்ரே. 8ஆம் மாவட்டமும் 12ஆம் மாவட்டமும் ஒருவர் கையிலேயே வந்தன. மன்னர் தனக்கு 203 அரூரா நிலம் கொடுத்ததாக இபி எழுதி வைத்தார். நம் அளவில் ஏறத்தாழ 55 ஹெக்டேர். பிறகு மகன், பிறகு பேரன். பேரன் ஜாவ், இறந்த தந்தைக்குச் சவப்பெட்டியும் துணியும் தைலமும் வேண்டும் என்று மன்னரிடம் கேட்டுப் பெற்றதாகச் சொல்கிறார். தந்தையோடு ஒரே கல்லறையில் தன்னையும் வைத்தது இன்னொன்று கட்ட வசதியில்லாமல் இல்லை, அவரோடு சேர்ந்திருக்கத்தான் என்றும் ஒரு விளக்கம் சேர்க்கிறார். கேட்காத கேள்விக்கு வந்த பதில். அக்கம்பக்கத்தில் யாரோ ஏதோ பேசியிருக்க வேண்டும்.

இபி பதவிக்கு வந்த சில ஆண்டுகளிலிருந்து ஜாவ் வரை, அரியணையில் இருந்தது பெப்பி ஒருவரே. நெடிய ஆட்சி உண்மையில் எங்கே கடித்தது என்பது இங்கேதான் தெரிகிறது. புதிய மன்னர் வரும்போதெல்லாம் பழைய நியமனங்கள் ஒரு முறை புரட்டிப் பார்க்கப்படும். புது மன்னருக்கு வேண்டியவர்கள் உள்ளே வருவார்கள், வேண்டாதவர்கள் போவார்கள். முதலாம் பெப்பியும் மெரன்ரேயும் அதைச் செய்தவர்கள்தான். 60-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் அந்தப் புரட்டல் நடக்கவில்லை. தாத்தாவுக்குக் கொடுத்த பதவி பேரன் காலத்தில் குடும்பச் சொத்தாகத் தெரிந்ததற்கு வேறு சதி எதுவும் தேவைப்படவில்லை. ஜாவ் இன்னும் மன்னரிடம்தான் சவப்பெட்டி கேட்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். விசுவாசம் இருந்தது. நிலமும் ஆட்களும் தானியமும்தான் மன்னர் கையில் இல்லை.

இறையிலி ஆணைகள்

நம் கோயில் கல்வெட்டுகளில் வரிவிலக்கைக் குறிக்க வரும் "இறையிலி" என்ற சொல் எகிப்திய ஆணைகளுக்கும் அப்படியே பொருந்தும். முதலாம் பெப்பி தன் 21ஆம் கணக்கெடுப்பு ஆண்டில், தாஷூரில் பழைய மன்னர் ஸ்னெஃப்ருவின் இரண்டு பிரமிடு ஊர்களுக்கு (பிரமிடு வழிபாட்டைக் கவனிப்பவர்களின் ஊர்கள்) ஒரு ஆணை கொடுத்தார்: அங்குள்ள கால்வாய், குளம், கிணறு, மரம் எதையும் வரிக்காக எண்ணக் கூடாது. இரண்டாம் பெப்பி கொப்டோஸில் மின் தெய்வத்தின் கோயிலுக்குக் கொடுத்த ஆணைகள் இன்னும் கறாரானவை. கோயில் பூசாரிகளையும் பணியாட்களையும் எந்த அரச வேலைக்கும் இழுக்கக் கூடாது. மேல் எகிப்தின் கண்காணிப்பாளரே வந்தாலும் அவர்களைக் கூலியில்லாத கட்டாய வேலைக்குப் பெயர் எழுதக் கூடாது. மாடு, கழுதை, சிறு கால்நடை எதையும் வரியாகக் கேட்கக் கூடாது.

இங்கே ஒரு தப்புக்கணக்கு அடிக்கடி நடக்கிறது. இறையிலி என்றாலே கருவூலத்துக்கு முழு நட்டம் என்று எடுத்துக்கொள்வது. கோயிலும் பிரமிடு ஊரும் மன்னர் வழிபாட்டின் பகுதிகள். அவற்றிலிருந்து உள்ளூர் அதிகாரிகள் தம் இஷ்டத்துக்கு ஆளும் மாடும் பிடித்துக்கொண்டு போவதைத் தடுக்கவே சில ஆணைகள் பிறந்தன. ஆணையில் யாரைத் தடுக்கிறார்கள் என்று படித்தாலே அது புரியும்: எதிரிகளை அல்ல, மன்னரின் சொந்த அதிகாரிகளை. ஒரு அரசு தன் அதிகாரிகளிடமிருந்து தன் சொத்தைக் காக்கக் கல்லில் ஆணை வெட்ட வேண்டியிருந்தது என்பதே போதுமான செய்தி.

ஆனாலும் கொப்டோஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செங்கடலுக்கும் வாடி ஹம்மாமாத் கற்குவாரிகளுக்கும் போகும் பாலைவழியின் வாசல் அது. பயணக் கூட்டம் கழுதை, தண்ணீர்த் தோல்பை, ரொட்டி, சுமைகூலிகள் எல்லாம் திரட்டும் கடைசி ஊர். அங்கே உள்ள பெரிய நிறுவனத்துக்கு விலக்குக் கொடுத்தால், அடுத்த ஹர்குஃபுக்கு யார் சோறு போடுவார்? விலக்கு எத்தனை ஹெக்டேருக்கு என்பதைவிட, எந்த இடத்தில் என்பதே கேள்வி.

"பிரமிடு கட்டியே நாடு திவாலானது" என்பதையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். தெற்கு சக்காராவில் இரண்டாம் பெப்பியின் பிரமிடு: அடிப்பக்கம் 150 முழம், அதாவது 78.75 மீட்டர், உயரம் 100 முழம், 52.5 மீட்டர். கன அளவு சுமார் 1,08,000 கன மீட்டர். கூஃபுவின் பெரிய பிரமிடு ஏறத்தாழ 26 லட்சம் கன மீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் உள்ளே சிறு கற்களை நைல் சேற்றுக் கலவையால் பிணைத்து, வெளியே மட்டும் நல்ல சுண்ணாம்புக் கல் போர்த்திய கட்டுமானம்; போர்வைக் கல் களவுபோனதும் மேடாகச் சரிந்துவிட்டது. நெடிய ஆட்சி என்றால் பிரமிடு எண்ணிக்கை குறையுமே தவிர அதிகமாகாது; அறுபது ஆண்டுக்கு மன்னருக்கென்று ஒன்று, அரசியர் நெய்த், இபுத், உஜெப்தென் ஆகியோருக்குச் சிறியவை மூன்று.

செலவு கட்டுவதில் இல்லை, கட்டியதைக் காப்பதில். அபூசிரில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகள் ஒரு பிரமிடுக் கோயிலின் அன்றாடக் கணக்கைக் காட்டுகின்றன. பணியாட்கள் 5 அணி, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு; ஒவ்வொரு பிரிவுக்கும் பத்து மாதத்தில் ஒரு மாதம் முறை. முறையில் இருப்பவர்களுக்கு ரொட்டி, பீர், இறைச்சி, துணி. இது முடிவே இல்லாத செலவு. ஸ்னெஃப்ருவிலிருந்து மெரன்ரே வரை இருபதுக்குச் சற்றுக் குறைவான மன்னர்கள். எல்லா வழிபாடும் ஒரே அளவில் ஓடியிருக்காது என்றாலும், ஒவ்வொருவர் பெயரிலும் நிலம் ஒதுக்கப்பட்டது. அதன்மேல் அரசியர், அமைச்சர்கள், இபி போன்ற தலைவர்களின் கல்லறை நிலங்கள். அகன்றுகொண்டே போவது இறந்தவர்களின் பங்கு. ஆற்றங்கரை விளைநிலமோ அதே அகலம்.

எல்லையில் தெரிந்த அறிகுறிகள்

உள்ளே கணக்கு இறுகுவது வெளியே எப்போதுமே முதலில் தெரியும். சினாய் வாடி மகாராவில் பழைய அரசின் கடைசிப் பயணக் கல்வெட்டு இரண்டாம் பெப்பியின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. பிறகு நாடு மறுபடி ஒன்றான நடு அரசு வரும்வரை மௌனம். தெற்கில், வாவாத், இர்ஜெத், செத்சு என்ற மூன்று நூபிய நிலப்பகுதிகளும் ஒரே தலைவன் கையில் சேர்ந்துவிட்டதை ஹர்குஃபே தன் மூன்றாம் பயணத்தில் கண்டார். தனித்தனியாக இருந்தபோது மிரட்ட முடிந்தவர்களோடு இனிப் பேச்சுவார்த்தை.

பெப்பியின் காலத்து அஸ்வான் கல்லறைகளில் பிணம் மீட்கும் பயணங்கள் வரத் தொடங்குகின்றன. புண்டுக்குப் போகக் கடற்கரையில் படகு கட்டிக்கொண்டிருந்த அனன்க்த் என்ற அதிகாரியைப் பாலைவாசிகள் கொன்றுவிட, அவர் உடலை மீட்கப் போனவர் பெப்பிநக்த் ஹெகாயிப். நூபியாவில் இறந்த தந்தை மெகுவின் உடலைக் கொண்டுவர மகன் சப்னி 100 கழுதைகளோடு போனார். சப்னி முதலில் கிளம்பிவிட்டு, பிறகே அரண்மனைக்குத் தகவல் அனுப்புகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் பெப்பியின் பிரமிடுக் கோயில் சுவரில் மன்னர் லிபியத் தலைவனை அடித்து வீழ்த்துகிறார்; தலைவனின் மனைவியும் இரண்டு மகன்களும் பெயரோடு நிற்கிறார்கள். அதே காட்சி, அதே பெயர்கள், ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு முன் அபூசிரில் மன்னர் சஹுரேயின் கோயிலிலும் உண்டு. அச்சு அசல் நகல். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கூஷ் மன்னர் தஹர்கா காவாவில் இதையே மறுபடி செதுக்கினார். கோயில் சுவரைப் போர்க்குறிப்பாகப் படித்தால் இந்த ஆட்சியில் எல்லாம் நன்றாகவே இருந்தது என்றுதான் முடிவு வரும்.

நைல்

வெள்ள நீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மலைகளிலிருந்து நீல நைல், அத்பரா வழியாக வருகிறது. அங்கே பருவமழை குறைந்தால் எகிப்தில் வெள்ளம் தாழும். இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நெடிய வறட்சி நடந்ததை நைல் கழிமுகத்தின் மண் அடுக்குகளும் தானா ஏரியின் படிவுகளும் காட்டுகின்றன. காலக்கணிப்பில் பல பத்தாண்டுகள் முன்பின் இருக்கும். ஆகவே பெப்பியின் இந்த ஆட்சியாண்டில் வறட்சி தொடங்கியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மன்னரின் ஆட்சியின் பின்பாதியும் அவருக்குப் பிந்திய தலைமுறைகளும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெள்ளம் தாழ்வது எப்படிப் பஞ்சமாகிறது? வெள்ள நீரைக் கரைகட்டிய பாத்திகளுக்குள் விட்டு, வாரக்கணக்கில் தேக்கி, மண் ஊறி வண்டல் படிந்ததும் வடித்துவிட்டு விதைப்பார்கள். நீர்மட்டம் ஒரு மீட்டர் குறைந்தாலே மேட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏறாது. அந்த ஆண்டு அந்த நிலம் தரிசு. அதற்குப் பிறகு அடுத்த வெள்ளம்வரை வழி இல்லை, மழை கிடையாது. ஒரு ஆண்டு தவறினால் களஞ்சியம் தாங்கும். அடுத்தடுத்துத் தவறினால் விதைத் தானியத்தில் கைவைப்பார்கள். பிறகு நல்ல வெள்ளம் வந்தாலும் விதைக்க ஒன்றுமில்லை. ஆள் பற்றாமல் கரையைச் செப்பனிடாமல் விட்டால், வருகிற நல்ல வெள்ளமே பாத்தியை உடைத்துக்கொண்டு போகும்.

இதற்கு அரசிடம் இருந்த ஒரே மருந்து, விளைந்த மாவட்டத்துத் தானியத்தைப் படகில் ஏற்றி விளையாத மாவட்டத்துக்கு அனுப்புவது. அதற்கு அடுத்தவர் களஞ்சியத்தைத் திறக்கும் அதிகாரம் வேண்டும். முன் பகுதிகளில் சொன்ன பதவியும் இறையிலியும் வறட்சியோடு சேரும் இடம் இதுதான். களஞ்சியம் பரம்பரைத் தலைவரிடம் அல்லது விலக்குப் பெற்ற கோயிலிடம் இருந்தால், தானியம் நகர்வது அவர் மனசைப் பொறுத்தது. பின்னால், பழைய அரசு சிதறிய பின் வந்த முதல் இடைக்காலத்தில், மோல்லாவில் அன்க்திஃபி என்ற தலைவர் தன் கல்லறையில் எழுதிக்கொண்டது அப்படியே இதுதான்: மேல் எகிப்து முழுதும் பசியால் செத்துக்கொண்டிருந்தது, மக்கள் தம் பிள்ளைகளையே தின்றார்கள், என் மாவட்டத்தில் ஒருவரும் சாகவில்லை, தெற்கே வாவாத்துக்கும் வடக்கே தினிஸுக்கும் நான் தானியம் அனுப்பினேன். பிள்ளையைத் தின்ற கதையில் மிகை உண்டு. தானியத்தை அனுப்பியது "நான்" என்பதில் மிகை இல்லை. மன்னர் அந்த வரியில் எங்குமே இல்லை.

இறந்த பின்

வாரிசு இல்லாமல் போகவில்லை. அரசி நெய்த்தின் பிரமிடு அருகே கிடைத்த சிதைந்த கல்லொன்று "மூத்த அரச மகன் நெம்தியெம்சாஃப்" என்று ஒருவரைக் காட்டுகிறது. அவரே இரண்டாம் மெரன்ரேயாக முடிசூடினார். தந்தைக்கு 25 வயதில் பிறந்திருந்தாலும் முடிசூடும்போது 45-ஐ ஒட்டிய வயது இருக்கும். துரின் பட்டியல் அவருக்குக் கொடுப்பது 1 ஆண்டு 1 மாதம். அடுத்து வரும் நித்தோக்ரிஸ் அரசி, சகோதரனைக் கொன்றவர்களை நிலவறையில் ஆற்றுநீர் விட்டு மூழ்கடித்தவள் என்று ஹெரோடோட்டஸ் சொல்லும் பெண், துரின் பாப்பிரஸின் துண்டுகளை மறுபடி ஒட்டிப் பார்த்ததில் நெஜெர்காரே என்ற ஆண் மன்னராகிப் போனார்.

அபிடோஸில் முதலாம் சேத்தியின் கோயில் பட்டியலில் இரண்டாம் மெரன்ரேக்குப் பின் 17 பெயர்கள். பலருக்கு நெஃபர்காரே என்ற பெப்பியின் அரியணைப் பெயரே பெயரின் பகுதி. 70 நாளில் 70 மன்னர்கள் என்று மனேத்தோ சொல்வது குழப்பத்தைக் காட்டும் வாய்மொழி, எண்ணிக்கை அல்ல. கலவரத்தை நேரில் கண்டு எழுதியதாகப் பலரும் மேற்கோள் காட்டும் இபுவேரின் புலம்பல் பாப்பிரஸ் பின்னாளில் இயற்றிய இலக்கியம். அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் விடுவதே நல்லது.

வரிசையாக வந்த அந்தச் சிறு மன்னர்களிடம் நிர்வாகம் செத்துவிடவில்லை என்பது வியப்பு. எட்டாம் வம்சத்து நெஃபர்காவ்ஹோர், தன் முதல் ஆண்டிலேயே கொப்டோஸுக்குக் கட்டுக்கட்டாக ஆணைகள் அனுப்பினார். பெறுபவர் தலைமை அமைச்சர் ஷெமாய், மன்னரின் மகள் நெப்யெத்தின் கணவர். அவர் மகன் இதிக்கு மேல் எகிப்தின் தென்கோடி ஏழு மாவட்டங்களின் கண்காணிப்பு. ஆணையின் வடிவம் பழுதில்லாமல் அதேதான், மொழியும் அதேதான். ஆனால் தலைமை அமைச்சர் பதவி கொப்டோஸில் ஒரு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நெடிய ஆட்சியே நோய் என்பவர்களுக்கு இரண்டாம் ராம்சேஸை எதிர்ச்சாட்சியாக வைக்கலாம். 66 ஆண்டுகள் ஆண்டவர். அவருக்கு முன்பே மூத்த மகன்கள் வரிசையாக இறந்துவிட, 13ஆம் மகன் மெர்னெப்தா முதிய வயதில் முடிசூடினார். அவரது ஐந்தாம் ஆண்டில் லிபியரும் கடல்வழி வந்தவர்களும் சேர்ந்து தாக்கியபோது படை திரண்டது, வென்றது. வாரிசுச் சண்டைகள் அதற்குப் பிறகு வந்தன. நாடு உடனே சிதறவில்லை. பெப்பியின் காலத்தில் நிரந்தரமாக விட்டுக்கொடுத்தவை, புரட்டிப் பார்க்கப்படாத மூன்று தலைமுறைப் பதவி, தாழ்ந்துவந்த நைல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன. இவற்றில் முதல் இரண்டும் பெப்பிக்கு முன்பே தொடங்கியவை. அவரது நீண்ட ஆயுள் அவற்றை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்க இடம் தரவில்லை. எது முதன்மை என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், தானியத்தை நகர்த்தும் அதிகாரம் கைவிட்டுப் போனதைச் சொல்லலாம். நல்ல வெள்ளம் வந்துகொண்டிருந்தவரை அது போனதே யாருக்கும் உறைத்திருக்காது.

பெப்பியின் பிரமிடுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி, எட்டாம் வம்சத்து மன்னர் ககாரே இபியின் பிரமிடு இருக்கிறது. அடிப்பக்கம் 31.5 மீட்டர்; சுவரில் பிரமிடு வாசகங்கள் (இறந்த மன்னருக்கான மந்திரங்கள்) எழுதிய கடைசி மன்னர் கல்லறை அது. மன்னர் மெந்துஹோதெப் தீப்ஸிலிருந்து நாட்டை மறுபடி ஒன்றாக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்கும் பிறகு, நடு அரசின் ஆளுநர்களும் மன்னர்களும் எலிஃபண்டைன் தீவில் ஒரு சன்னதியில் சிலைகள் வைத்து வணங்கினார்கள். அங்கே தெய்வமாக இருந்தவர் பெப்பி அல்ல. பாலைவாசிகள் கொன்ற அதிகாரியின் உடலைப் பெப்பிக்காக மீட்டுவரப் போன ஹெகாயிப்.